கேக்கில் விழுந்த சீரகம்

ரொட்டி வேகும் போர்மாவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, மாவு எப்படிப் பிசைவது, போர்மாவின் சூட்டைக் கையால் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது பத்து நாளில் உங்கள் கைக்கே வந்துவிடும். வராவிட்டால் எழுதியும் பயனில்லை. திருவனந்தபுரத்தில் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில், நான் கெடுத்த ஒரு கேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. இதை எழுத உட்கார்ந்தபிறகு இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாயிற்று. வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

யுத்தத்துக்கு முந்திய காலம். நான் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து, பாளையத்தில் ஒரு ரொட்டிக்கடையின் போர்மாவில் இரண்டாம் ஆளாக வேலை பார்த்தேன். முதல் ஆள் மேஸ்திரி. பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் எங்கள் கடைக்குப் பெரிய வாடிக்கை. அவருடைய மாமியார் சீமையிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். அந்த அம்மாளுக்குப் பிறந்தநாள். அவர் சின்ன வயசில் வீட்டில் சாப்பிட்ட மாதிரி சீமைச்சீரகம் போட்ட கேக் இரண்டு வேண்டும், சனிக்கிழமை நாலு மணித் தேநீருக்கு மேசையில் இருக்க வேண்டும் என்று சீட்டு வந்தது.

அந்த வாரம் பார்த்து மேஸ்திரிக்குத் தங்கை வீட்டுக் கல்யாணம். நாகர்கோவிலுக்குப் புறப்படும்போது, "நீ பாத்துக்கிடுவேல்லா?" என்று மட்டும் கேட்டார். பார்த்துக்கொள்வேன் என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுக்க என் கையாலேயே ஒரு துரை வீட்டு கேக். வெள்ளிக்கிழமை விடிந்ததும் எழுந்து, இருந்ததிலேயே நல்ல வேஷ்டியைக் கட்டிக்கொண்டு போர்மாவுக்குப் போனேன். மாவு வேலைக்கு நல்ல வேஷ்டி கட்டுகிறவனின் புத்தி அன்றைக்கு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. எனக்கு நாலு நாளாகக் கடுமையான ஜலதோஷம். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, பூவைக் கொடுத்தாலும் புகையைக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஜலதோஷக்காரன் போர்மாப் பக்கம் வரக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. சொன்னால் கேக் வேறு ஆள் கைக்குப் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சீமைச்சீரக டப்பாவைத் திறந்தால் அடியில் நாலைந்து விதைதான் கிடந்தது. சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். வழக்கமாக வாங்குகிற கடை அன்று அடைத்திருந்தது. பக்கத்துக் கடையில், கேக்குக்குப் போடுகிற சீரகம் வேண்டும் என்றேன். கடைக்காரர் கேக்கைக் கண்ணால் பார்த்தவரில்லை. "சீரகந்தானே?" என்றார். நான் தலையாட்டினேன்.

தம்பிகளே, என் தப்பு முழுக்க அந்தத் தலையாட்டலில் இருக்கிறது. சீமைச்சீரகம் வேறு செடி. விதை கறுத்து, வளைந்து, சோம்பைப் போல லேசாக இனிக்கும். அவர் கட்டிக் கொடுத்தது ரசத்துக்குப் போடுகிற நம் சீரகம். பொட்டலத்தைப் பிரித்தபோது விதை வெளிறி இருந்ததைக் கண் பார்த்தது. புதுச் சரக்கு போலிருக்கிறது என்று மனசு உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது. அவசரத்தில் இருப்பவனுக்கு மனசு கேட்காமலேயே காரணம் கொடுக்கும். போதாக்குறைக்கு, மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று அதை லேசாக வறுத்தும் போட்டேன். வறுக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது என் சொந்தக் கெட்டிக்காரத்தனம்.

கேக் பிரமாதமாக எழும்பி வந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு நிறம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டே பார்த்தார், அதனால் அவருக்கும் மணம் தெரியவில்லை. வைக்கோல் பரப்பிய தகரப் பெட்டியில் இரண்டையும் வைத்து, சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில், பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீதிச் சீரகப் பொட்டலம் சட்டைப்பையிலேயே இருந்தது.

பேரூர்க்கடை தாண்டியதும் பஸ்ஸில் ஆளாளுக்கு மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். முதலில் டிரைவர் திரும்பி, கண்டக்டரின் சாப்பாட்டுப் பாத்திரம் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டார். கண்டக்டர் குனிந்து பார்த்து, தன் ரசம் பத்திரமாக இருக்கிறது என்றார். பின்னாலிருந்தவர் தன் கூடையைத் திறந்து காட்டினார். யாரோ ரசம் கொண்டுபோகிறார்கள் என்பதில் பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. நானும் கூடச் சேர்ந்து, யாராயிருக்கும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

எனக்கு எதிர் வரிசையில் கரமனை அக்ரகாரத்து மாமி ஒருவர், கணவரோடு நெடுமங்காட்டுக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் சற்று நேரம் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்டாப்பா, உன் மடியிலேர்ந்துதான் வரது."

நான் பெருமையாக, கேக் என்றேன். கேக் என்றால் என்ன என்று கேட்டார். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை என்று சொன்னேன். முட்டை என்றதும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அரை ஜாண் நகர்ந்து உட்கார்ந்தார். ஆனால் விஷயத்தை விடவில்லை. சர்க்கரை போட்ட பண்டத்தில் சீரகத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். இது அந்தச் சீரகம் இல்லை, சீமைச்சீரகம் என்று விளக்கிவிட்டுப் பையிலிருந்த பொட்டலத்தை நீட்டினேன். மாமி கணவரை வாங்கச் சொல்லி, நாலு விதையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்தார்.

"எந்தச் சீமையா இருந்தாலும் சரி, இது எங்காத்து அஞ்சறைப்பெட்டியில இருக்கற சீரகமாக்கும். வேணும்னா கடிச்சுப் பாரு."

கடித்தேன். மூக்கு அடைத்திருந்தாலும் நாக்கில் அந்தக் கசப்பும் காரலும் தெரிந்தது. பஸ் முழுக்க என் முகத்தையே பார்த்தது. கண்டக்டர் முதலில் சிரித்தார். பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லோரும். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் துரை மாமியார் கேக்கை வெட்ட ரசம் மணக்கிற காட்சி மனசில் வந்ததும் நானும் சிரித்துவிட்டேன். பெட்டி மடியில் குலுங்கியது.

அதற்குப்பின் பஸ்ஸில் சீரகப் பேச்சுத்தான். கண்டக்டர் தன் அம்மா ஜீரக வெள்ளம், அதாவது சீரகம் கொதித்த தண்ணீர், இல்லாமல் சோறு போடமாட்டாள், வயிறு உப்பாது என்றார். பின்னாலிருந்தவர், பித்தத்துக்குச் சீரகத்தைக் கரும்புச் சாற்றில் ஊறவைத்துத் தின்னவேண்டும் என்றார். மாமி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைவிட நல்லது இல்லை என்றார். மாமியின் கணவர் அதுவரை பேசாமல் வந்தவர், அஜீரணத்தைப் பற்றி ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. எது மெய், எது கேள்விப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். வைத்தியம் என் தொழில் இல்லை. ஆனால் சீரகத்துக்கு ஒரு விரோதிகூட அந்த பஸ்ஸில் இல்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

நெடுமங்காட்டில் இறங்கும்போது மாமி திரும்பிப் பார்த்து, "வறுத்த சீரகம் கருகலை, தப்பிச்சே. தித்திப்போட சீரகம் சேரணும்னா கொஞ்சம் உப்பு விழணும், கேட்டியோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையடிவாரத்து வித்துராவில் இறங்கியபோது பதினொரு மணி. ஒரு மணிக்குத் தோட்டத்து லாரி வந்து என்னை மேலே கூட்டிப்போகும். திருவனந்தபுரம் திரும்பி வேறு கேக் சுட்டுவர நேரமில்லை. போர்மா என்ற சொல்லே அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சந்தைக்கு எதிரே தங்கம்மா என்ற ஸ்திரீ ஒரு சாயாக்கடை வைத்திருந்தார். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு சாயா குடித்தேன். அன்று காலை முதல் நான் செய்த புத்தியுள்ள காரியம் அதுதான். நெஞ்சு படபடக்கும்போது கையை வேலையில் வைக்காதீர்கள். ஒரு குவளை சாயா குடிக்கிற நேரம் உலகம் காத்திருக்கும்.

சாயா முடிவதற்குள் எனக்கு மூன்று வழி தோன்றியது. பெட்டியோடு ஓடிப்போவது ஒன்று. கேக்கை அப்படியே வைத்துவிட்டு, வெட்டுவதற்கு முன் ஓடிவருவது இன்னொன்று. மூன்றாவது, மாமி சொன்ன உப்பு. கேக்கைத் துண்டு போட்டு, கல்லில் வாட்டி, உப்பும் வெண்ணெயும் சேர்த்தால் ரஸ்க் மாதிரி ஒன்று வரும். ஆனால் இரண்டு கேக்கையும் வெட்டவில்லை. ஒன்றை முழுசாகவே வைத்தேன். ஒரு தப்பைச் சரிசெய்யப் போகிறவன் கையிலிருப்பதையெல்லாம் அதிலே வைத்துவிடக்கூடாது.

தங்கம்மாவிடம் தோசைக்கல்லைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார், "ஜீரகந்தானே தம்பி, விஷமொண்ணும் இல்லல்லோ? சாரமில்லை, கவலப்படாதீங்க, கல்லு காயட்டும்."

எனக்கு மணமும் தெரியாது, ருசியும் பாதிதான் தெரியும். உப்பு எவ்வளவு என்று நான் எப்படிச் சொல்வது? அவரே போட்டார். கடையில் இருந்த வண்டிக்காரர்களிடம் உடைந்த துண்டுகளைக் கொடுத்துக் கேட்டோம். முதல் வாட்டலில் உப்புப் போதாது என்றார்கள். இரண்டாவதில் சரி என்றார்கள். மூன்றாவது வாட்டலுக்கு நான் கேட்காமலே கை நீட்டினார்கள். இனிமேலும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தால் மேலே கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது என்று தங்கம்மா பெட்டியை மூடினார்.

மூன்று மணிக்கு பங்களா. பட்லர் நாகர்கோவில் பக்கத்து மனிதர், நல்லவர். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் அவர் பயந்தார்.

"ஒண்ணும் மிண்டாம வச்சிட்டு லாரியில ஏறிப் போயிரு மக்கா. சீரகம்னு மட்டும் வாயத் தொறக்காத," என்றார்.

ஏன் இவ்வளவு பயம் என்று எனக்குப் புரியவில்லை. போய்விடலாம் என்று கால் சொன்னது. ஆனால், இந்த கேக்கை வெட்டும்போது நான் அங்கே இல்லையென்றால், கடையின் பேர் என்றென்றைக்கும் அந்த மேசையில் கெட்டுக் கிடக்கும். அதைத் துடைக்க யாரும் இருக்கமாட்டார்கள். நின்றேன்.

நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துரை, துரைசானி, நடுவில் மாமியார் அம்மாள். மெலிந்து, சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். மலை ஏறிய நாளிலிருந்து அவருக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லையாம். அடுத்த கப்பலில் திரும்பிப் போவதாக முடிவாம். இதெல்லாம் பட்லர் முன்னமே சொல்லியிருந்தார். பட்லர் என்னை முந்திக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் 'ஸ்பெஷல்' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது. என்னிடம் இருந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "நோ ஸ்பெஷல். மிஸ்டேக்," என்றேன். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

துரை முகம் சிவந்தது. மாமியார் அம்மாள் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அதையும் முகர்ந்தார். பிறகு பட்லரைப் பார்த்தார். பட்லர் கையிலிருந்த தட்டு கடகடவென்று ஆடியது.

அப்போதுதான் பட்லரின் பயம் எனக்கு விளங்கியது; முழு விவரத்தைப் பிறகு அவரே சொன்னார். அந்த அம்மாளுக்குக் கொதிக்கவைத்து ஆறிய வெறும் தண்ணீர்தான் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் உத்தரவு. பட்லர் இரக்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல், இரண்டு நாளாக அதில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பொட்டலம் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. ஆனால் தலையைக் குனிந்து சொல்கிற பேச்சு எந்த பாஷையிலும் ஒன்றுதான்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சால்வை நழுவ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்த மலையில் தன் வயிற்றில் தங்கியது அந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்றாராம். முழு கேக்கை வெட்டி ஒரு வாய் வைத்தார், முகம் சுளித்தது, மரியாதையாகக் கீழே வைத்தார். பிறகு வாட்டிய துண்டை எடுத்தார். மெதுவாகக் கடித்தார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோது துரைசானி எழுந்து வந்து தன் அம்மாவைக் கட்டிக்கொண்டார். பட்லர் ஆடுகிற தட்டை ஒருவழியாக மேசைமேல் வைத்தார். எனக்கு அந்த வராந்தாவில் குதிக்கவேண்டும்போல் இருந்தது. நல்ல வேஷ்டி என்பதால் நின்றுகொண்டிருந்தேன்.

துரை மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, என் கையில் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறதோ என்று மறுநாள் ஊர் சேரும்வரை உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். முதலாளி நின்றுகொண்டே படித்தார். முதல் வரியில் முகம் இருண்டது. இந்த ஆள் இனிமேல் என் பங்களாவுக்குச் சீமைச்சீரக கேக் செய்யக்கூடாது என்று இருந்ததாம். இரண்டாவது வரியை அவர் இரண்டு தடவை படித்தார். வாட்டிய துண்டுகள் மாதம் இரண்டு டப்பா தவறாமல் வரவேண்டும். என் மாமியார் கப்பலை ரத்து செய்துவிட்டார், இன்னும் ஆறு மாதம் இருக்கப்போகிறார் என்று துரை எழுதியிருந்தார்.

துரை ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாளி என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், சிரித்து, சுருட்டுப் புகை புரையேறி, முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

சரி, துண்டுகளைச் செய் என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அடுத்த பஸ்ஸில் மறுபடி வித்துரா. தங்கம்மா தனக்கும் தெரியாது, கை போட்டது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து தடவை உப்பை அள்ளி ஐந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஐந்தும் ஐந்து அளவு. மேஸ்திரி அதற்குள் கல்யாணத்திலிருந்து வந்துவிட்டார். ஐந்தையும் செய்து நாங்கள் மூவரும் ஒருநாள் காலை முழுக்கத் தின்றோம். முதலாளிக்கு இரண்டாவது பிடித்தது, மேஸ்திரிக்கு நாலாவது, எனக்கு ஐந்தாவது. மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டு, இது அளவில் இல்லை, அந்த அம்மாளின் கையில் இருக்கிறது, அவரையே கூட்டிவா என்றார். நாற்பது வருஷ அனுபவக்காரர் தனக்குத் தெரியவில்லை என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இரட்டித்தது.

மூன்றாவது முறையாக வித்துராவுக்குப் போய், முதலாளி கூப்பிடுகிறார், நல்ல வேலை தருகிறார், திருவனந்தபுரத்துக்கு வாருங்கள் என்று கேட்டேன். தங்கம்மா சாயா ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"நான் வந்தா இந்தக் கடை ஆரு பாக்கும்? நீங்க கேக்கு அனுப்புங்க தம்பி. உப்பு இவிடெ உண்டு."

அன்றிலிருந்து கேக் எங்கள் போர்மாவில் வெந்து, காலை பஸ்ஸில் வித்துரா போய், தங்கம்மாவின் தோசைக்கல்லில் வாடி, மலையேறியது. டப்பாவின்மேல் எங்கள் கடைப் பேரை அச்சடித்தபோது, அதற்குக் கீழே அவர் பேரையும் போடச் சொன்னவர் மேஸ்திரிதான்.